எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது ஆதாரம் ஆகாது

அரசு நலத்திட்டங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இப்போதெல்லாம் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று ஆளுகை. இன்னொன்று சான்று அடிப்படையிலான செயல்பாடு. அமைச்சர்களின் பேட்டியில் வருகிறது, தொண்டு நிறுவனங்களின் அறிக்கையில் வருகிறது, போட்டித் தேர்வுக் குறிப்புகளில் கட்டாயம் வருகிறது. அப்படியென்றால் என்ன என்று கேட்டால், முதலாவதற்கு ‘ஊழல் இல்லாத ஆட்சி’ என்றும் இரண்டாவதற்கு ‘புள்ளிவிவரத்தோடு பேசுவது’ என்றும் பதில் கிடைக்கும். இரண்டும் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதிக்காக. பொருளாதாரமோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டியதில்லை.

கொடுத்தது வேறு, நடந்தது வேறு

ஏதாவது ஒரு நலத்துறையின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை பயனாளிகள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தையல் இயந்திரம் வழங்கிய கணக்கு என்றால் மாவட்டவாரியாக எண்ணிக்கை இருக்கும். அந்த இயந்திரத்தில் யாராவது தைக்கிறார்களா என்பது மட்டும் இருக்காது. சில வீடுகளில் அது குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கும். சில வீடுகளில் மடிக்காத துணியைக் குவித்து வைக்கிற இடமாக ஆகியிருக்கும். அறிக்கையில் இரண்டு வீடும் ஒரே மாதிரி ஒவ்வொரு எண்.

இதைப் பிரித்துப் பேச மூன்று சொற்கள் உண்டு. திட்டத்துக்குள் போடும் பணம், ஆள், பொருள் எல்லாம் உள்ளீடு. அதை வைத்து மக்கள் கையில் கொடுத்தது வெளியீடு. அதனால் அவர்கள் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம் விளைவு. ‘திட்டம் மாபெரும் வெற்றி’ என்று அறிவிக்கப்படும்போது பெரும்பாலும் காட்டப்படுவது வெளியீடுதான். அது பொய்க் கணக்கு என்று சொல்லவில்லை. கணக்கு பைசா சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி வேறு.

சரி, விளைவையே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் வாங்கிய பெண்களின் வருமானம் இரண்டு வருடத்தில் உயர்ந்திருக்கிறது. இப்போதாவது வெற்றி என்று சொல்லலாமா? இப்போதும் முடியாது. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று கேலியாகச் சொல்வோமே, சிக்கல் அதுதான். கஷாயம் குடித்தவர் ஏழாம் நாள் எழுந்து நடமாடினால் கஷாயத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஆயத்த ஆடை ஆலை திறந்திருக்கலாம். மழை நன்றாகப் பெய்து எல்லோர் கையிலும் காசு புழங்கியிருக்கலாம்.

திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இந்தக் கேள்விக்கான விடைக்கு எதிர்நிலை என்று பெயர். இந்தத் துறையின் உயிர்நாடி இதுதான். எதிர்நிலையை நேரில் பார்க்கவே முடியாது என்பதுதான் தொல்லை. ஒரே பெண் ஒரே காலத்தில் இயந்திரம் வாங்கியவராகவும் வாங்காதவராகவும் இருக்க முடியாதே. அதனால், முடிந்தவரை அவரைப் போலவே இருக்கும் வேறு ஆட்களைத் தேடிப்பிடித்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் ஒப்பீட்டுக் குழு.

சீட்டுக் குலுக்குவது எதற்கு

ஒப்பீட்டுக் குழுவாக யாரை எடுப்பது? விண்ணப்பித்தவர்களையும் விண்ணப்பிக்காதவர்களையும் ஒப்பிடலாம் என்று முதலில் தோன்றும். அது கண்ணி. தாலுகா அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, வருமானச் சான்றிதழ் வாங்கி, படிவம் நிரப்பி வரும் பெண்ணுக்கு ஏற்கெனவே கொஞ்சம் விவரமும் துணிச்சலும் இருக்கிறது. திட்டம் இல்லாவிட்டாலும் அவர் ஏதோ ஒரு வழியில் முன்னேறியிருப்பார். வித்தியாசம் ஆட்களால் வந்ததா திட்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி மிக எளிமையானது: சீட்டுக் குலுக்கல். தகுதியுள்ள ஊர்களின் பட்டியலை எடுத்து, எந்த ஊரில் திட்டம் முதலில் தொடங்குவது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. எம்.எல்.ஏ. சொன்ன ஊர் என்பதோ சாலை வசதி உள்ள ஊர் என்பதோ இங்கே கணக்கில் வராது. ஊர்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால் இரண்டு பக்கமும் ஏழை, பணக்காரர், சுறுசுறுப்பானவர், சோம்பேறி எல்லாம் ஏறக்குறைய சரிசமமாக விழுந்துவிடும். பிறகு இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதற்குத் திட்டமே காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். மருத்துவத்தில் புதிய மருந்துகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள். அதே முறை நலத்திட்டங்களுக்கும் வந்து பல வருடங்கள் ஆகின்றன.

இதுவரை சொன்னதன் சாரம்: வெளியீடு வேறு, விளைவு வேறு. விளைவை அளந்தாலும், திட்டம் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால்தான் அது ஆதாரம்.

உதய்பூரில் ஒரு கிலோ பருப்பு

இதை ஒரு நிஜமான சோதனையில் பார்த்தால் நன்றாகப் பிடிபடும். ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டக் கிராமங்களில் தடுப்பூசி மிக மோசமான நிலையில் இருந்தது. தடுப்பூசி இலவசம்தான். அப்படியும் குழந்தைகளுக்குப் போடப்படவில்லை. ஏன்? மக்களுக்கு நம்பிக்கை இல்லை, மூடநம்பிக்கை என்று ஒரு கட்சி. ஊசி போட ஆளே வருவதில்லை என்று இன்னொரு கட்சி. இப்படி இரண்டு கட்சியும் மேடை போட்டு வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கலாம்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். மொத்தம் 134 கிராமங்கள். குலுக்கலில் 30 கிராமங்களுக்கு, மாதம் ஒருமுறை சொன்ன நாளில் தவறாமல் நடக்கும் தடுப்பூசி முகாம். வேறு 30 கிராமங்களுக்கு அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதி 74 கிராமங்களில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள்.

முடிவு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வழக்கம்போல விட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6%. முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18%. பருப்பும் கொடுத்த இடங்களில் 39%.

இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆள் வரவில்லை என்று சொன்ன கட்சிக்கு வலு இருக்கிறது. நம்பகமாக ஆள் வந்ததுமே மூன்று மடங்கு ஆகிவிட்டது. ஆனால் அது மட்டும் போதவில்லை. மறுபடி மறுபடி ஐந்து தடவை வரவேண்டும் என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற தாய்க்கு ஒரு சின்ன உந்துதல் தேவைப்பட்டது. மக்களுக்கு ஊசியின் மேல் தீராத வெறுப்பு என்பது உண்மையாக இருந்தால் ஒரு கிலோ பருப்பு அதை மாற்றியிருக்காது. ‘இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற தள்ளிப்போடல்தான் பெரிய தடை என்று தெரிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது செலவுக் கணக்கு. இலவசப் பருப்பு என்றதும் நிதித்துறைக்காரர் முகம் சுளிப்பார் அல்லவா? ஆனால் ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு, பருப்பு கொடுத்த கிராமங்களில் சுமார் 1,100 ரூபாய், கொடுக்காத முகாம்களில் சுமார் 2,200 ரூபாய். பருப்பு கொடுத்த இடத்தில் பாதிதான். ஐந்து குழந்தை வந்தாலும் ஐம்பது குழந்தை வந்தாலும் செவிலியர் அன்று முழுக்க அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், சம்பளம் ஒன்றுதான். கூட்டம் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது. அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் இந்த விடை தோன்றியிருக்காது.

அதே சமயம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பருப்பு கொடுத்த பிறகும் 61% குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி இல்லை. ஒரு சோதனை வெற்றி பெற்றது என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று பொருள் இல்லை.

நல்ல மனசு மட்டும் போதுமா

போதாது. அமெரிக்காவில் 1970-களில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தடம் மாறும் நிலையில் இருக்கும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டிப் பேசவைப்பது. பயந்து திருந்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது வாங்கியது. மாநிலம் மாநிலமாகப் பரவியது. அப்புறம் குலுக்கல் முறையில் நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றங்களில் ஈடுபட்டிருந்தார்கள். சும்மா விட்டிருந்தாலே மேல் என்ற நிலை.

நலத்திட்டம்தானே, கொடுத்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சான்று என்பது ஆய்வுக்கட்டுரை மட்டுமல்ல

இங்கே எதிர்த்திசையிலும் ஒரு தவறான புரிதல் உண்டு. சான்று அடிப்படையிலான செயல்பாடு என்றால், வெளியூர்ப் பேராசிரியர் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து களப்பணியாளரிடம் நீட்டி, இதன்படி செய் என்பதுதான் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கருத்து மருத்துவத்தில்தான் முதலில் வேரூன்றியது. டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1996-ல் கொடுத்த விளக்கம் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கிடைக்கும் ஆய்வுகளில் சிறந்ததும், பணி செய்பவரின் அனுபவமும், பயன்பெறும் மனிதரின் நிலைமையும் விருப்பமும் சேர்ந்துதான் முடிவு வரவேண்டும் என்பது அதன் கருத்து. சமூகப்பணித் துறை இதை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆகவே இருபது வருடம் ஒரே ஊரில் வேலை பார்த்த அங்கன்வாடி அக்கா, இந்தத் தெருவில் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள், எல்லோரும் களையெடுக்கப் போய்விடுவார்கள் என்று சொன்னால் அதுவும் சான்றுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செய்வது சான்று அடிப்படையிலான செயல்பாடு ஆகாது.

ஆளுகை எங்கே வருகிறது

இனி மற்றொரு சொல், ஆளுகை. யார் முடிவெடுக்கிறார்கள், எந்தத் தகவலை வைத்து எடுக்கிறார்கள், பணம் எந்த வழியாகப் போகிறது, வேலை நடந்ததா என்று பார்ப்பது யார், நடக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும், பாதிக்கப்பட்டவர் எங்கே போய்ச் சொல்வது. இந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஆளுகை. நேர்மையான அதிகாரி இருப்பது நல்லதுதான், ஆனால் அவர் மாற்றலாகிப் போன பிறகும் வேலை நடக்கிறதா என்பதில்தான் ஆளுகை தெரியும்.

மறுபடி உதய்பூருக்கே போவோம். இதே மாவட்டத்தில் துணை சுகாதார நிலையங்களை ஒரு வருடம் வாராவாரம் போய்ப் பார்த்த கணக்கெடுப்பு ஒன்று, வேலை நேரத்தில் 56% முறை கதவு பூட்டியிருந்ததைக் கண்டது. செவிலியர் வீடுவீடாகப் பார்க்கப் போயிருக்கலாமே என்றால், அப்படி ஊருக்குள் எங்காவது இருந்தது 12% முறைதான். எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அடுத்த தடவை எதற்காக நடக்க வேண்டும்?

இதைச் சரிசெய்ய 2006-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சேவா மந்திர் கண்காணிக்கும், மாவட்டச் சுகாதார நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும். தேதியும் நேரமும் பதியும் இயந்திரம் ஒன்றை நிலையத்தில் வைத்து, செவிலியர் ஒரு நாளில் சில முறை அதில் பதிய வேண்டும். அளவுக்கு மீறி வராமல் இருந்தால் சம்பளம் பிடிக்கப்படும். முதல் ஆறு மாதம் பிரமாதமாக வேலை செய்தது. கண்காணிப்பு இருந்த நிலையங்களில் வருகை, இல்லாத இடங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. தண்டனை விதியையும் யாரும் ரத்து செய்யவில்லை. நடந்தது வேறு. ‘விலக்களிக்கப்பட்ட நாள்’ என்று பதிவேட்டில் ஒரு வகை இருந்தது. கூட்டம், பயிற்சி, கணக்கெடுப்பு என்று வேறு அரசு வேலைக்காகப் போனால் அன்றைக்கு விடுப்புக் கணக்கு இல்லை. நியாயமான விதிதான். ஆனால் செவிலியர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் மேலதிகாரிகள் இந்த விலக்கைத் தாராளமாக வழங்க ஆரம்பித்தார்கள். தாளில் ஆளில்லாத நாள் குறைந்தது, நிலையத்தில் கூடியது. நம் ஊர் அலுவலகங்களில், வெளியே அலுவலக வேலையாகப் போனதாக ஓ.டி. (ஆன் டூட்டி) எழுதிக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆறாவது மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் ‘வருகைப் பதிவு இயந்திரம் வேலை செய்கிறது, ஆதாரம் இருக்கிறது’ என்று நாடு முழுக்க வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். சான்று சரியாகவே இருந்தது. அதைத் தாங்குகிற நிர்வாகம்தான் இல்லை. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்த திட்டத்திலும் இதே கதை. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் தொண்டு நிறுவனமும் சில பள்ளிகளில் அரசும் நடத்தின. தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. அரசு நடத்திய இடங்களில் ஏறவே இல்லை.

சுருக்கமாக: எது பலன் தரும் என்பதைச் சான்று சொல்லும். அது நிஜத்தில் நடக்குமா என்பதை ஆளுகைதான் தீர்மானிக்கும். முன்னதை மட்டும் பார்த்துப் பின்னதை விட்டால் உதய்பூர்ச் செவிலியர் கதை.

ஒரே விரல்ரேகை, இரண்டு மாநிலங்கள்

தொழில்நுட்பம் வந்தால் ஆளுகை தானாகச் சரியாகிவிடும் என்பது இப்போது பரவலாக இருக்கும் நம்பிக்கை. இதற்குப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டையும் செய்தவர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய அதே மூன்று பொருளாதார ஆய்வாளர்கள்தான்.

முதலாவது, பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2010 முதல் நடந்தது. வேலை உறுதித் திட்டக் கூலியும் முதியோர் ஓய்வூதியமும் விரல்ரேகையோடு கூடிய ஸ்மார்ட் கார்டு வழியாக வழங்கப்பட்டன. எந்த மண்டலத்தில் (மாவட்டத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு) முதலில் தொடங்குவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். கூலி சீக்கிரம் கைக்கு வந்தது. நடுவில் கசிந்த பணம் ஏறக்குறைய 40% குறைந்தது. பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பழைய முறையைவிட இதுவே மேல் என்றார்கள்.

இரண்டாவது, ஜார்க்கண்டில் 2016 வாக்கில் ரேஷன் கடைகளில் ஆதார் விரல்ரேகையைக் கட்டாயமாக்கியபோது நடந்தது. கசிவு குறையவில்லை. பொருள் வாங்க ஆகும் அலைச்சலும் செலவும் கூடின. ரேஷன் கார்டோடு ஆதாரை இணைக்காத குடும்பங்கள் சுமார் 23%. அவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சுமார் 10% குறைந்தது.

ஏன் இப்படி? ஆந்திரத்தில் கார்டு வராதவர்களுக்குப் பழைய முறையிலேயே பணம் கிடைத்துக்கொண்டிருந்தது. பணம் சீக்கிரமாகவும் முழுதாகவும் போய்ச்சேர வேண்டும் என்பதும் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஜார்க்கண்டில் போலிகளை வடிகட்டிச் செலவை மிச்சம் பிடிப்பதே முதல் நோக்கம். ரேகை பதியவில்லை என்றால் பல இடங்களில் அரிசி இல்லை. உழைத்துத் தேய்ந்த விரலுக்கு இயந்திரம் பச்சை விளக்குக் காட்டாது என்பது ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் ஆளுகை. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனே இல்லை.

கேள்வி கேட்கும் உரிமை

ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஒரு பொது விசாரணை நடத்தியது. அரசுப் பணிகளின் கணக்கையும் கூலிப் பதிவேட்டையும் ஊர் மக்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி போயிருப்பது அங்கேயே அம்பலமாகியது. இப்படி அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் பிறந்த கோரிக்கைதான் வளர்ந்து 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. அதே வருடம் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, கிராம சபை தன் ஊர்ப் பணிகளைத் தானே சரிபார்க்க வேண்டும் என்றது. திட்டத்தின் கணக்கைப் பயனாளிகளே சரிபார்ப்பதற்குச் சமூகத் தணிக்கை என்று பெயர்.

இதுவும் மந்திரக்கோல் இல்லை. சமூகத் தணிக்கையை எல்லோரையும்விடத் தீவிரமாக நடத்திய மாநிலம் ஆந்திரம். அங்கே பல சுற்றுத் தணிக்கை அறிக்கைகளை ஆராய்ந்தபோது, கூலி கொடுக்காமல் ஏமாற்றுவது போன்ற எளிதில் பிடிபடும் முறைகேடுகள் குறைந்திருந்தன. ஆனால் கல், மணல், சிமெண்ட் பில்களில் நடக்கும், சாதாரண ஆளால் கண்டுபிடிக்கக் கடினமான முறைகேடுகள் கூடியிருந்தன. கண்டுபிடித்த பிறகும் தண்டனை பெற்றவர்கள் சொற்பம். கேள்வி கேட்க ஏற்பாடு இருந்து, பதில் சொல்லவைக்க ஏற்பாடு இல்லாவிட்டால் திருட்டு இடம் மாறிக்கொள்ளும்.

தெலங்கானாவில் 2018-ல் நடந்தது இதைவிட எளிமையான வழி. விவசாயிகளுக்கு அப்போது ஏக்கருக்கு 4,000 ரூபாய் காசோலை வழங்கிய ரைத்து பந்து திட்டத்தில், குலுக்கலில் தேர்ந்த சில மண்டலங்களின் அதிகாரிகளிடம் மட்டும் ‘விவசாயிகளுக்கு போன் செய்து கேட்கப்போகிறோம், அதை வைத்து உங்கள் வேலையை மதிப்பிடுவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்த மண்டலங்களில் காசோலை இன்னும் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தது. முன்னேற்றம் சின்னதுதான். ஆனால் செலவு அதைவிடச் சின்னது. கூடுதலாகப் போய்ச்சேர்ந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் போன் செலவு 4 ரூபாய்க்கும் குறைவு.

தமிழ்நாட்டு அங்கன்வாடியில் இன்னொரு கை

நம் பக்கத்தில் நடந்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். குழந்தைகளின் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் சேரும். இத்தனைக்கும் நடுவில் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதில் எது முதலில் அடிபடும் என்று சொல்லவே வேண்டாம்.

நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு, பாதி நேரம் வேலை செய்யும் ஒரு கூடுதல் ஆளைக் கொடுத்தார்கள். முன்பருவக் கல்வி மட்டுமே அவர் வேலை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது, குழந்தைகளின் மொழித்திறனும் கணக்கும் முன்னேறியிருந்தன. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. புதிதாக வந்தவர் சோறும் போடவில்லை, சத்துமாவும் கொடுக்கவில்லை. ஆனால் கற்பிக்கும் சுமை இறங்கியதால் பழைய பணியாளருக்குச் சத்துணவு, உடல்நலம் பார்க்க நேரம் கிடைத்தது. குழந்தைகள் பிற்காலத்தில் ஈட்டக்கூடிய வருமானத்தையும் சேர்த்து, செலவைப்போல 13 முதல் 21 மடங்கு பயன் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

அப்படியானால் நாளைக்கே எல்லா மையத்துக்கும் ஆள் போட வேண்டியதுதானே? இங்கேதான் மறுபடி ஆளுகை. ஆளெடுப்பது யார், சம்பளம் எந்தத் தலைப்பில், ஐந்து வருடம் கழித்து நிரந்தரம் கேட்டால் என்ன பதில், பழைய பணியாளருக்கும் புதியவருக்கும் வேலைப் பிரிவினை அரசாணையில் எப்படி எழுதப்படும். ஆய்வுக்கட்டுரையில் இதற்கெல்லாம் விடை இருக்காது. நிதித்துறைக் கோப்பில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சோதனை வேண்டுமா

வேண்டாம். காமராஜர் 1950-களில் மதிய உணவைத் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தபோதும் யாரும் ஊர்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை. பசித்த குழந்தைக்குச் சோறு போடலாமா என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி அல்ல, அது உரிமை. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் எல்லா மாநிலங்களும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் அந்த அடிப்படையில்தான். பின்னாளில் சான்றும் வந்தது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருப்பதாக 2021-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது.

என் கருத்து இதுதான். கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அறமும் சட்டமும் முடிவு செய்யட்டும். எப்படிக் கொடுத்தால் முழுதாகப் போய்ச்சேரும் என்பதற்குத்தான் சோதனை. சான்று என்ற பெயரைச் சொல்லி உரிமையை ஒத்திப்போடுவதையும் சில இடங்களில் பார்க்கிறோம். ‘இன்னும் ஆய்வு முடியவில்லை’ என்பது வசதியான சாக்கு.

கிராம சபையில் கேட்க

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவதுதான் பல ஊர்களில் வழக்கம். அடுத்த தடவை ஒரு திட்டத்தின் பயனாளி எண்ணிக்கையை வாசிக்கும்போது, போன வருடம் வாங்கியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். தகுதி இருந்தும் பெயர் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், ஏன் என்று கேளுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் தருகிறார்களா, யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாளில் பதில் என்று கேளுங்கள். கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அப்படி ஒரு கேள்வி வந்ததாகவே யாருக்கும் நினைவிருக்காது.